சிங்கப்பூரில் பிணை எடுப்பது எப்படி? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"அண்ணே, தம்பியப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எவ்வளவு கட்டினா விடுவாங்க?" விடுதி நண்பர்களிடமிருந்தும் ஊரிலிருக்கும் குடும்பத்திடமிருந்தும் வரும் முதல் கேள்வி அநேகமாக இதுதான். நியாயமான கேள்வி. ஆனால் சிங்கப்பூரில் பணத்தைத் தேடுவதற்கு முன்னால் ஆளைத் தேட வேண்டும். தகுதியுள்ள ஒருவர் முன்வந்து, இவரை நான் பார்த்துக்கொள்கிறேன், சொன்ன நாளில் நீதிமன்றத்துக்கு வரவைக்கிறேன் என்று பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்தான் பிணையாளர். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் பெரும்பாலும் பயனில்லை. இது தெரியாததால் முதல் இரண்டு நாளும் ஊரில் நகையை அடகு வைப்பதிலேயே போய்விடுகிறது. ஆள் தேடும் வேலை அப்புறம்தான் தொடங்குகிறது.

முதல் 48 மணி நேரம்

கைது செய்யப்பட்டவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்று சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. பயண நேரம் அதில் சேராது. அந்த இரண்டு நாளுக்குள் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு அப்படியே விட்டுவிடலாம், காவல்துறையே பிணையில் விடலாம், அல்லது நீதிமன்றத்தில் குற்றம் சாட்டலாம். நீதிமன்றம் போனால் பிணை கொடுப்பதா, எவ்வளவு என்பதை நீதிபதி முடிவு செய்வார்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது. அக்கம்பக்கக் காவல் நிலையத்தில் பிடித்தாலும் விசாரணை வேறு பிரிவில் நடக்கலாம். நியூ பிரிட்ஜ் ரோட்டில் ஊட்ரம் பார்க் ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் கன்டோன்மென்ட் காவல் வளாகத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். போதைப்பொருள் வழக்குகளைக் கவனிக்கும் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. வழக்கைக் கையாளும் விசாரணை அதிகாரியை எல்லோரும் 'ஐஓ' என்பார்கள். அவருடைய பெயர், தொலைபேசி எண், வழக்கின் அறிக்கை எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு பேசப்போகும் எல்லோரும், வழக்கறிஞர் உட்பட, இந்த மூன்றைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஐஓவிடம் பேசும்போது என்ன குற்றம் என்று சந்தேகம், பிணை உண்டா, தொகை எவ்வளவு, ரொக்கம் கட்ட வேண்டுமா, பிணையாளர் எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும் என்று நிதானமாகக் கேளுங்கள். கைதானவர் சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை அப்போதே சொல்லிவிடுங்கள். விடுதியிலிருந்து பத்துப் பேராகக் கிளம்பிப் போவதால் எந்தப் பலனும் இல்லை. ஆங்கிலமோ தமிழோ தெளிவாகப் பேசத் தெரிந்த ஒருவர் போனால் போதும்.

வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையும் அதே 9ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் கைதான உடனேயே வழக்கறிஞர் பக்கத்தில் வந்து உட்கார முடியாது. நியாயமான ஒரு கால அவகாசத்துக்குப் பிறகுதான் சந்திக்க விடுவார்கள். அதற்குள் வாக்குமூலம் எடுக்கப்பட்டிருக்கும். ஆகவே உங்களுக்கு வேண்டியவர்களிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்: தமிழில்தான் நன்றாகப் பேச வரும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்க வேண்டும், எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும், தவறு இருந்தால் திருத்திய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

எந்த வழக்கில் பிணை கிடைக்கும்?

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஒவ்வொரு குற்றத்துக்கும் எதிரே பிணை உண்டா இல்லையா என்று எழுதியிருக்கும். கைகலப்பில் ஒருவரைக் காயப்படுத்துவது, அதாவது தண்டனைச் சட்டம் 323ஆம் பிரிவு, பிணை உள்ள குற்றம். இந்த வகையில் பிணை கேட்பது கைதானவரின் உரிமை. ஏமாற்றிப் பொருளை வாங்குவது, 420ஆம் பிரிவு, பிணை இல்லாத குற்றம் என்ற வகையில் வரும். இதைக் கேட்டதும் 'அப்போ வெளியே வரவே முடியாதா' என்று பலர் மனம் உடைந்துபோகிறார்கள். அப்படியில்லை. அந்த வகையில் பிணை கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் முடிவு, அவ்வளவுதான். 420இல் குற்றம் சாட்டப்பட்டு வெளியே இருந்தபடி வழக்கு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். மரண தண்டனை வரை போகக்கூடிய போதைப்பொருள் கடத்தல், கொலை போன்ற குற்றச்சாட்டுகளில்தான் பிணையை எதிர்பார்க்க முடியாது.

நீதிபதி முக்கியமாகப் பார்ப்பது, இந்த ஆள் திரும்ப வருவாரா என்பதைத்தான். குடும்பம் இங்கே இருக்கிறதா, வேலை இருக்கிறதா, முன்பு எப்போதாவது வழக்கிலிருந்து ஓடியிருக்கிறாரா, சாட்சிகளைத் தொந்தரவு செய்வாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். 2023 ஆகஸ்ட்டில் கள்ளப் பணத்தை நல்ல பணமாக்கிய பெரிய வழக்கில் வெளிநாட்டவர் பத்துப் பேர் கைதானார்கள். பறிமுதலான சொத்தின் மதிப்பு பிறகு 300 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அளவுக்குப் போனது. அவர்களிடம் பணத்துக்கா பஞ்சம்? ஆனாலும் தப்பி ஓடக்கூடும் என்ற காரணத்தால் அவர்கள் கேட்ட பிணை மறுக்கப்பட்டது. பணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இங்கே வேர் இல்லாத வெளிநாட்டவருக்கு இந்தச் சந்தேகம் எப்போதும் குறுக்கே நிற்கும். அதனால்தான் பிணையாளர் யார் என்பது அவ்வளவு முக்கியமாகிறது.

தொகை அதிகம் என்று தோன்றினால் அடுத்த முறை வழக்கு வரும்போது குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். மறுத்துவிட்டால் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வழியிருக்கிறது. அதற்கு வழக்கறிஞர் துணை தேவைப்படும்.

பிணையாளராக யார் வரலாம்?

21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். திவாலானவராக இருக்கக் கூடாது. அவர்மேலேயே நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருக்கக் கூடாது.

இரண்டாவது நிபந்தனையில்தான் நம் ஆட்கள் பலரும் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் அண்ணன், தம்பிக்குப் பிணையாளராக முடியாது. எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கும் மச்சானும் முடியாது. ஊரிலிருந்து அப்பா விமானம் ஏறி வந்தாலும் முடியாது. அப்படியானால் யார் இருக்கிறார்கள்? முதலாளி அல்லது நிறுவனத்தில் பொறுப்பில் இருக்கும் உள்ளூர்க்காரர், இங்கேயே குடியுரிமை வாங்கிவிட்ட தூரத்து உறவினர், ஊர்ச் சங்கத்தில் பழக்கமானவர், கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ நன்றாகத் தெரிந்தவர். இப்படி ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொருவராக அழைத்துப் பேச வேண்டியதுதான். முதலாளியிடம் மறைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வேலைக்கு வராததும் அவருக்குத் தெரிந்துவிடும், பிணைக்கு வரக்கூடியவர்களிலும் பல நேரம் அவர்தான் முதல் ஆள்.

கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். 'சும்மா ஒரு கையெழுத்துதான் அண்ணே' என்று சொல்லி ஒருவரை அழைத்துப் போவது அவருக்குச் செய்யும் துரோகம். என்ன குற்றச்சாட்டு, எவ்வளவு தொகை, வழக்கு மாதக்கணக்கில் இழுக்கலாம் என்பது எல்லாம் தெரிந்த பிறகு அவர் சரி என்று சொல்ல வேண்டும்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன பொருள்?

பிணையாளருக்குச் சட்டம் மூன்று கடமைகளை வைக்கிறது. பிணையில் வந்தவர் விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வருவதை உறுதி செய்ய வேண்டும். அனுமதியில்லாமல் அவர் சிங்கப்பூரை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் அவரோடு தொடர்பில் இருக்க வேண்டும், தொடர்பு அறுந்தால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் புகார் கொடுக்க வேண்டும். 'தினமும்' என்பதைப் பலர் சும்மா எழுதியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

தேக்கா பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். தன்னிடம் வேலை பார்த்த பையனுக்குப் பிணையாளராக நின்றார். அவர் வைத்த ஏற்பாடு எளிமையானது. தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பையன் வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு செய்ய வேண்டும். குறுஞ்செய்தி செல்லாது, முகத்தைக் காட்ட வேண்டும். "சாப்டியாடா?" என்பார் இவர். "சாப்டேன்ணே" என்பான் அவன். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். வழக்குத் தேதிக்கு முந்தின நாள் மட்டும் பேச்சு நீளும்: எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த நீதிமன்ற அறை, சட்டை தோய்த்து வைத்திருக்கிறானா. ஒருநாள் ஒன்பதரை வரை அழைப்பு வரவில்லை. இவர் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே விடுதிக்கே போய்விட்டார். பையன் காய்ச்சலில் தூங்கிப்போயிருந்தான். நல்ல பிணையாளர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அழைத்த பதிவுகள் கைப்பேசியில் இருப்பதும் நல்லது. நாளைக்கு நீங்கள் கவனமாக இருந்தீர்களா என்ற கேள்வி வந்தால் அதுதான் உங்கள் பக்கம் பேசும்.

ஆள் ஓடிவிட்டால் என்ன ஆகும்? பிணைத்தொகையை ஏன் பறிமுதல் செய்யக்கூடாது என்று காரணம் சொல்லும்படி நீதிமன்றம் பிணையாளரை அழைக்கும். முழுத் தொகையும் போகலாம், ஒரு பகுதியும் போகலாம். பிணையாளர் எவ்வளவு அக்கறையாகக் கண்காணித்தார், தொடர்பு அறுந்ததும் புகார் கொடுத்தாரா என்பது அங்கே எடைபோடப்படும். ஓடியவருக்கும் அது தனிக் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம்.

பாதி வழியில் பிணையாளருக்கு நம்பிக்கை போய்விட்டால் விலகிக்கொள்ள நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். அப்போது வேறு பிணையாளர் வரும் வரை குற்றம் சாட்டப்பட்டவர் உள்ளே போக வேண்டியிருக்கும். வீட்டில் இதைச் சொல்லி வைத்தால் பையன்கள் கொஞ்சம் பொறுப்பாக இருப்பார்கள்.

பணத்தை யார் கொடுப்பது?

இந்த இடத்தில் மிகவும் கவனம் தேவை. வேறு சில நாடுகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு பிணை எடுத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. சிங்கப்பூரில் அந்தத் தொழில் கிடையாது. 'உங்கள் பணம் போனால் நான் ஈடு கட்டுகிறேன்' என்று பிணையாளரிடம் ஒப்பந்தம் பேசுவதே இங்கே சட்டப்படி குற்றம். குற்றம் சாட்டப்பட்டவரும் அப்படிப் பேசக் கூடாது, குடும்பமும் பேசக் கூடாது, நண்பர்களும் பேசக் கூடாது. இழப்பு வந்தால் தனக்கு வலிக்கும் என்றால்தான் பிணையாளர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். சட்டத்தின் கணக்கு அதுதான். எனவே விடுதியில் வசூல் செய்து பிணையாளர் கையில் திணிப்பதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தில் செய்ததுகூட வம்பில் கொண்டுபோய் விடலாம்.

'ஐயாயிரம் கொடு, நாளைக்கே வெளியே எடுத்துத் தருகிறேன்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவரைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். பிணைக்காக ஆலோங் எனப்படும் உரிமமில்லாத வட்டிக்காரக் கும்பலிடம் கடன் வாங்குவது ஒரு வழக்கை இரண்டு சிக்கலாக்கிவிடும். 'உங்கள் மகனைப் பிடித்திருக்கிறோம், பிணைப் பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று தொலைபேசியில் சொன்னால் அது மோசடி. ஊரிலிருக்கும் அம்மா அப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். சந்தேகமாக இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம்.

நீதிமன்றத்தில்

பெரும்பாலான வழக்குகள் ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கும் அரசு நீதிமன்றங்களுக்கே வரும். சைனாடவுன் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். காவல்துறைப் பிணையில் இருந்தவர் முதன்முறை குற்றம் சாட்டப்படும் நாளில் பிணையாளரும் கூடவே போவது நல்லது. அங்கே நீதிமன்றம் புதிதாகப் பிணை நிர்ணயிக்கும்போது அவர் தேவைப்படுவார். நீதிபதி சொல்வது புரியவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார், அதற்குக் கட்டணம் இல்லை.

பிணையாளர் அடையாள அட்டையையும் வங்கி விவரங்களையும் எடுத்துப் போக வேண்டும். தொகை சிறியதாக இருந்தால் நகை, வீட்டுப் பொருள் போன்ற சொந்த உடைமைகளை ஈடாகக் காட்ட வழியிருக்கலாம். தொகை கூடினால் ரொக்கமோ வங்கி வைப்புத்தொகையோ கேட்பார்கள். எவ்வளவு, எந்த வடிவில் என்பதை அன்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிணைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் அதிலுள்ள நிபந்தனைகளை வரிவரியாகக் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். நடைமுறைகள் முடிந்து ஆள் வெளியே வரச் சில மணி நேரம் ஆகலாம். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

சில சிறிய வழக்குகளில் பிணையாளர் இல்லாமல், குற்றம் சாட்டப்பட்டவரே கையெழுத்திடும் சொந்தப் பிணையில் விடுவதும் உண்டு. அது கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அதை நம்பி ஆள் தேடாமல் இருந்துவிடாதீர்கள்.

வெளியே வந்த பிறகு

கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) ஒப்படைக்க வேண்டும். புதிதாக எந்தக் குற்றமும் செய்யக் கூடாது. சாட்சிகளை நெருங்கக் கூடாது. சண்டை வழக்கு என்றால் அடிபட்டவரிடம் போய் 'மன்னிச்சுக்கோ, கேஸை வாபஸ் வாங்கிக்கோ' என்று பேசுவதும் ஆபத்து. சமாதானம் பேசத்தான் போனேன் என்று நீங்கள் சொல்வீர்கள், மிரட்டினார் என்று அவர் சொல்லலாம். பேச வேண்டியிருந்தால் வழக்கறிஞர் மூலம் பேசுங்கள்.

வேலை அனுமதிச் சீட்டு ரத்தாகிவிட்டால் ஸ்பெஷல் பாஸ் கொடுப்பார்கள். சிங்கப்பூரில் தங்கலாம், ஆனால் அதை வைத்துக்கொண்டு இஷ்டப்படி வேலை பார்க்க முடியாது. அதன் காலாவதித் தேதியை எழுதி வைத்து முன்கூட்டியே போய்ப் புதுப்பிக்க வேண்டும், எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். செலவுக்கு வழியில்லாமல் கள்ளத்தனமாக வேலைக்குப் போனால் அது புதிய குற்றம், பிணைக்கும் ஆபத்து. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் சிரமப்படும் வெளிநாட்டு ஊழியர்கள் ஹோம், டிடபிள்யூசி2 போன்ற அமைப்புகளை அணுகலாம். இந்தியர்கள் கிரேஞ்ச் ரோட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்கும் தகவல் கொடுத்து வைப்பது நல்லது.

ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வரும் மலேசியத் தமிழர்களுக்கு இது பெரிய சோதனை. வீடு கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும், போக முடியாது. வழக்கு முடியும் வரை இங்கேயே தங்க இடம் பார்த்தாக வேண்டும்.

ஊரில் அப்பாவுக்கு முடியவில்லை, தங்கைக்குக் கல்யாணம் என்றால் நீதிமன்றத்தில் வெளிநாட்டுப் பயண அனுமதி கேட்கலாம். மருத்துவமனைக் கடிதம், பயணத் தேதிகள், தங்கும் முகவரி எல்லாம் தயாராக இருக்க வேண்டும், பிணையாளரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிணைத்தொகையைக் கூட்டிய பிறகே அனுமதிப்பதும் உண்டு. 2024இல் 800,000 வெள்ளி பிணையில் இருந்த முன்னாள் அமைச்சர் ஈஸ்வரன், மகனின் பல்கலைக்கழகப் படிப்பு தொடர்பாக ஆஸ்திரேலியா போக அனுமதி கேட்டபோது கூடுதலாக 500,000 வெள்ளி ரொக்கப் பிணை கேட்கப்பட்டது. பாதையைத் தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன். தொழிலாளி ஒருவருக்குத் தொகை அந்த அளவில் இருக்காது, ஆனால் அனுமதி கிடைப்பதும் நிச்சயமில்லை. கிடைக்காதபோது குடும்பம் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒளிந்து போக நினைப்பது மட்டும் வேண்டாம்.

பிணையாளரே கிடைக்காவிட்டால்

விசாரணைக் காவலில் இருக்க வேண்டியதுதான், பெரும்பாலும் சாங்கிச் சிறை வளாகத்தில். அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு முறை வழக்கு வரும்போதும் தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், புதிதாக ஒருவர் கிடைத்தால் எந்த நாளிலும் பிணை எடுக்கலாம். கடைசியில் சிறைத்தண்டனை கிடைத்தால் காவலில் கழித்த நாட்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி கேட்கவும் வழியிருக்கிறது.

சட்ட உதவி வேண்டுமென்றால், வருமானம் குறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2022 டிசம்பரில் தொடங்கிய அரசின் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டவர்கள் இலவசச் சட்ட உதவி செய்யும் புரோ போனோ எஸ்ஜி அமைப்பிடம் கேட்டுப் பார்க்கலாம். மரண தண்டனைக்குரிய வழக்கு என்றால் வசதி, குடியுரிமை எதுவும் பார்க்காமல் வழக்கறிஞர் நியமிக்கப்படுவார்.

வழக்கு முடிந்ததும்

பிணைத்தொகை அபராதம் இல்லை. ஆள் ஒழுங்காக வந்து வழக்கு முடிந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். கட்டியவர் பிணையாளர் என்பதால் அவரிடம்தான் திரும்பும். விடுதலையானாலும் தண்டனை கிடைத்தாலும் இதில் மாற்றமில்லை. சிறைத்தண்டனை விதித்த பிறகு, வீட்டு விஷயங்களைக் கவனித்துவிட்டு வரச் சில நாள் அவகாசம் கேட்டால் நீதிமன்றம் கொடுப்பதுண்டு. மேல்முறையீடு செய்தால் அதுவரை வெளியே இருக்கவும் பிணை கேட்கலாம். இந்த இரண்டு சமயத்திலும் பிணை தொடர்கிறது. தீர்ப்பு வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று பிணையாளர் கைப்பேசியை ஓரமாக வைத்துவிடக் கூடாது. ஆள் சரணடைந்து, பிணை விடுவிக்கப்பட்டது என்று நீதிமன்றம் சொல்லும் வரை தினமும் பேச வேண்டும்.